சங்கரதாஸ் சுவாமிகள் பேரைச் சொல்ல என்ன தயக்கம்?

ஞாயிற்றுக்கிழமை டிவியில் 'வள்ளி திருமணம்' நாடகத்தைக் கிண்டல் பண்ணிய காமெடி ஷோ பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒரு நண்பர் அதே கிளிப்பை எனக்கு அனுப்பி, "உங்க அப்பா லைன் ஆச்சே, பாத்தியா?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

முகத்தில் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டு ஜிகினா சட்டையில் முருகன் வந்தார். 'காயாத கானகத்தே' இரண்டு வரி பாடினார். வள்ளி செருப்பைக் கழற்றி அடித்தாள். நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செருப்படியைக்கூட விட்டுவிடுகிறேன். பாட்டு யாருடையது என்று ஒரு வாயிலும் வரவில்லையே! அந்த நாடகத்தை எழுதிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். சொல்ல இரண்டு நொடி ஆகுமா?

அந்தப் பாட்டை நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா மேடையில் பாடினார். 1945இல் 'ஸ்ரீவள்ளி' படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் பாடினார். இன்று கேட்டால் மகாலிங்கம் பாட்டு என்பார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதரின் முதல் படம், 1934இல் வந்த 'பவளக்கொடி', அதுவும் சுவாமிகள் எழுதிய நாடகம்தான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து தமிழ் சினிமா அவர் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறது. போட்டவர் பேர்தான் தெரியாது.

இதையும் யோசித்துப் பாருங்கள். 'ரத்தத் திலகம்' படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் ஒத்தெல்லோ நடித்தார்கள். 'சொர்க்கம்' படத்தில் சிவாஜி ஜூலியஸ் சீசராக வந்தார். அதெல்லாம் ஷேக்ஸ்பியர் என்று பாமரனுக்கும் தெரியும். அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ஷேக்ஸ்பியர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நம்மவருக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அப்பா முப்பத்தெட்டு வருஷம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியப் பின்பாட்டு. இந்த நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் வேறு ஊர், மிருதங்கம் இன்னொரு ஊர். பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். ஆனாலும் விடியவிடிய 'வள்ளி திருமணம்' நடக்கும். எல்லார் நெஞ்சிலும் சுவாமிகள் எழுதிய ஒரே பாடம் இருந்ததால் நடந்தது. வேலனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற இடத்துக்காக ராத்திரி மூன்று மணி வரை பெண்கள் மடியில் பிள்ளையைத் தூங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பாவின் பாட்டு நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி 'சுவாமிகள் துணை' என்று எழுதியிருக்கும். அதைக் கண்ணில் ஒற்றாமல் ஆர்மோனியக் கட்டையில் விரல் வைக்க மாட்டார்.

"காமெடியை காமெடியா பாருங்க" என்கிறார்கள். பார்க்கலாம். நாளைக்கு உங்கள் அப்பாவை வைத்தும் இதே காமெடி நடந்தால் அப்போது சொல்லுங்கள்.

"உங்க நாடகத்திலேயே பபூன் எல்லாரையும் கிண்டல் பண்றாரே?" என்கிறார்கள். பபூன் எங்கள் மேடைக் கோமாளி, பண்ணுவார். ராஜபார்ட்டை, ஆர்மோனியத்தை, முன்வரிசையில் உட்கார்ந்த ஊர்ப் பெரியவரை, ஒருத்தரையும் விடமாட்டார். ஆனால் அந்த மேடையிலேயே சுவாமிகளையும் கும்பிடுவார். கும்பிட்டவனுக்குக் கிண்டல் பண்ண உரிமை உண்டு. இதை இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

2014இல் 'காவியத் தலைவன்' வந்ததே என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். சுவாமிகளை மனதில் வைத்து எழுதிய நாடக வாத்தியார் வேஷத்தை நாசர் நன்றாகவே செய்தார், நானும் தியேட்டரில் அழுதேன். அங்கேயும் பேர் சிவதாஸ் சுவாமிகள்தான்! நிஜப் பேரை வைக்க முடியாததற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் 2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஒரு அணிக்கே 'சுவாமி சங்கரதாஸ்' என்று பேர் வைத்தார்களே, நாடக நடிகர்களுக்கு ஓட்டு இருக்கிறது, அதனால் பேர் ஞாபகம் வந்தது. ஓட்டு இல்லாத நாளில் எங்கே போகிறது அந்தப் பேர்?

சின்ன வயதில் வாடகை வீடு தேடிப் போனபோது ஒரு வீட்டுக்காரம்மா, "கூத்தாடிக் குடும்பத்துக்கு விடறதில்லை" என்று என் எதிரிலேயே சொன்னார். அப்பா ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அன்றைக்கு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையன் பாட ஆரம்பித்ததும் நிமிர்ந்தார். நாற்காலிக் கையில் விரல்கள் தானாக ஓடின. "சுருதி சுத்தமா இருக்குடா" என்றார். செருப்படி விழுந்ததும் விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "சுவாமிகள் பாட்டுன்னு சொன்னாங்களா? எனக்குக் காது சரியாக் கேக்கல."

"சொன்னாங்கப்பா" என்று பொய் சொன்னேன்.

அந்த கிளிப் யூடியூபில் இருக்கிறது. கீழே விவரம் போடுகிற இடத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தச் சேனல் பக்கத்தில் நேற்று கேட்டிருந்தேன். இன்று காலை வரை சேர்க்கவில்லை.