அழும்போது வராதவர்கள் சிரிக்கும்போது மாதம் எண்ண வருகிறார்கள்

காதலனைச் சாவில் இழந்த ஒரு பெண் 11 மாதத்தில் மறுபடி காதலிக்கும் நாவல் ஒன்றுக்கு வந்த விமர்சனத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நாவல் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன் கீழே ஒருவர், "11 மாதத்தில் இன்னொருத்தன் மேல் காதல் வருகிறதென்றால் முதலில் வந்ததற்குப் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தார். அதற்கு விழுந்த இதயங்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

19 வயதுப் பெண். காதலித்தவன் செத்துப்போய்விட்டான். 300 பக்கத்துக்கு மேல் அவள் திணறுகிறாள், அவன் எண்ணை அழிக்க முடியாமல் தவிக்கிறாள், வேறொருவன் சொன்னதற்குச் சிரித்துவிட்டு, ஏதோ திருடியவள் மாதிரி வாயைப் பொத்திக்கொள்கிறாள். இத்தனையையும் படித்தவர்களுக்கு 11 என்ற எண் மட்டும்தான் மனதில் நின்றதா?

மறுபடி காதலிப்பது மறப்பது அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

எனக்கு அப்போது 21. நான் காதலித்தவன் இறந்துபோன செய்தியை வகுப்பு வாட்ஸப் குழுவில்தான் பார்த்தேன். எங்கள் விஷயம் இரண்டு தோழிகளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் வீட்டில் 'கூடப் படித்த பெண்' என்று பின்வரிசையில் போய் நின்றேன். சத்தமாக அழுதால் யாரென்று கேட்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், அங்கீகாரம் கிடைக்காத துக்கம் என்று. இளம் வயதுக் காதலில் இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஊரறிந்த உறவு கிடையாது, ஆறுதல் சொல்லவும் யாரும் வரமாட்டார்கள். பிறகு ஒருநாள் நான் இன்னொருவரோடு சிரித்துப் பேசியபோது மட்டும், பின்னால் விஷயம் தெரிந்துகொண்டவர்கள் எல்லோருக்கும் அந்த உறவு நினைவு வந்துவிட்டது. "அதுக்குள்ளயா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அழ எனக்கு உரிமை கொடுக்காதவர்களுக்கு, நான் எப்போது சிரிக்கலாம் என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது?

"அவள் துக்கத்தின் ஐந்து நிலைகளையும் கடக்கவே இல்லை, எழுத்தாளருக்கு உளவியல் தெரியவில்லை" என்று இன்னொருவர். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்து நிலைகளை மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது சாகப்போகும் நோயாளிகளோடு பேசிப் பார்த்துத்தான். பின்னால், ஒருவரை இழந்து துக்கத்தில் இருப்பவர்களுக்கும் அதைச் சேர்த்தார்கள். அவரே கடைசிக் காலத்தில், இவை வரிசையாக வந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு துக்க ஆய்வாளர்கள் எழுதியதுதான் என் அனுபவத்துக்கு அருகில் இருக்கிறது. இழந்தவர் ஒரு நேரம் இழப்புக்குள் மூழ்குவார், இன்னொரு நேரம் புது வாழ்க்கைப் பக்கம் திரும்புவார், இப்படி மாறி மாறித்தான் மனம் தேறும் என்கிறார்கள். காலையில் சிரித்துவிட்டு அன்று இரவே அவன் குரல் பதிவைக் கேட்டு அழுதவள் நான், எனக்குத் தெரியும்.

சரி, 12 மாதக் கணக்கு மருத்துவத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் வெளியிட்ட கையேட்டில், பெரியவர்களுக்கு 12 மாதமாவது ஆன பிறகும் துக்கம் ஆளை முடக்கிப் போட்டிருந்தால் அதை ஒரு நோயாகக் கருதலாம் என்று இருக்கிறது. உதவி யாருக்குத் தேவை என்று பார்ப்பதற்கான கணக்கு அது. அதுவரை யாரும் யாரையும் விரும்பக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

நாவலில் குறையே இல்லையா? இருக்கிறது. இரண்டாவதாக வருகிறவன் அநியாயத்துக்கு நல்லவன், ஒரு தடவைகூடப் பொறாமைப்படவில்லை. அவன் வந்துதான் அவள் பிழைத்தாள் என்பது போன்ற அந்த ஓர் அத்தியாயம் எனக்கும் பிடிக்கவில்லை. யாரும் யாருக்கும் மருந்து கிடையாது. அதைப் பற்றிப் பேசியிருந்தால் நானும் வந்து பேசியிருப்பேன். ஆனால் நீங்கள் பேசியது அவள் ஒழுக்கத்தைப் பற்றி.

'உனக்குப் பட்டதால் உணர்ச்சிவசப்படுகிறாய்' என்று சொல்வீர்கள். ஆமாம், பட்டதால்தான். பட்டவர்கள் பேசாமல் வேறு யார் பேசுவது?

இப்போது என் கணவராக இருக்கும் இவரிடம் அவனைப் பற்றி முதலில் சொன்ன அன்று, இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "அவனுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டார். இன்றைக்கும் அந்தப் பாட்டு எங்கேயாவது ஒலித்தால் இவர்தான் முதலில் பேச்சை நிறுத்துவார். எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொல்ல நான் பயந்ததே இல்லை. மறந்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

அந்தக் கேள்வியைக் கேட்டவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறீர்கள். எங்கள் திருமணப் படத்துக்கு முதலில் வாழ்த்து எழுதியவரும் நீங்கள்தான். அன்று உங்களுக்கு இந்தக் கதை தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அந்த வாழ்த்தை அழிக்க வேண்டும் என்று தோன்றினால் அழித்துக்கொள்ளுங்கள், நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.