ஃபார்ம் 16 அண்ணனுக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி குடும்பக் குரூப்பில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்குக் கம்பெனி கொடுக்கிற சான்றிதழான தன் ஃபார்ம் 16ஐப் படம் பிடித்துப் போட்டு, “என் வரியில் ஊர்ப் பொம்பளைகள் மாசம் ஆயிரம் வாங்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்” என்று எழுதினாரே, அந்த அண்ணனுக்குத்தான் இது. அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். பெரியவர்கள் இருக்கிறார்களே என்று விட்டேன்.

அண்ணே, அது உங்கள் வரி இல்லை.

வருமான வரி போவது ஒன்றிய அரசுக்கு. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரிக்கிற தொகையில் 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வைத்தது 4.079 சதவீதம். நீங்கள் சொல்கிற அந்த ஆயிரத்தை, அதாவது மகளிர் உரிமைத் தொகையை, 2023 செப்டம்பர் 15லிருந்து கொடுப்பது மாநில அரசு. அதன் கஜானாவுக்குப் பெரும்பகுதி வருவது ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் வரி, பத்திரப் பதிவு, அப்புறம் சாராயம். இதை எல்லாரும் கட்டுகிறார்கள், ஆயிரம் வாங்குகிறவர்களும் சேர்த்து. 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைக்கும் வரைக்கும் சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் 18 சதவீதம். வீட்டு வேலை செய்கிற அக்காவும் அதைக் கட்டித்தான் குளித்தார். அவருக்கு ஃபார்ம் 16 யாரும் கொடுக்கவில்லை, அதனால் குரூப்பில் போட முடியவில்லை.

நானும் வருமான வரி கட்டுகிறவள்தான். டிடிஎஸ் பிடித்தது போகத்தான் சம்பளத்தையே கண்ணில் பார்க்கிறேன், எரிச்சல் எனக்கும் வரும். ஆனால் 2019 செப்டம்பரில், வேறு சலுகை வேண்டாம் என்கிற கம்பெனிகளுக்கு வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்து, இதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வரவு குறையும் என்று நிதியமைச்சரே சொன்னாரே, அன்றைக்கு நீங்கள் எந்தப் படமும் போடவில்லையே? உரிமைத் தொகைக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. அந்த ஒரு வருஷத் தள்ளுபடியில் இதைப் பத்து வருஷம் கொடுக்கலாம். “அது ஒன்றியக் கணக்கு, இது மாநிலக் கணக்கு, எப்படிச் சேர்க்கிறாய்” என்பீர்கள். சரி. உங்கள் ஃபார்ம் 16ம் ஒன்றியக் கணக்குதான், அதை நீங்கள் சேர்க்கவில்லையா?

ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்றால், ஆமாம், ஓட்டுக்காகத்தான். கடன் ஏறுகிறதே என்றால், ஏறுகிறது, இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் “நீதான் சம்பாதிக்கிறாயே, உன் அம்மாவுக்கு எதற்கு அந்த ஆயிரம்” என்று தனியாக வேறு அனுப்பியிருந்தீர்கள் பாருங்கள், அதற்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அம்மாவுக்குத் தனி ரேஷன் கார்டு, விதிப்படிதான் வாங்குகிறார், இதை உங்களிடம் நிரூபிக்க வேண்டியிருப்பதே கேவலமாக இருக்கிறது. நான் மாசாமாசம் பணம் அனுப்புகிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அதைச் செலவு செய்யும் முன் என்னிடம் கேட்பார். மிக்ஸி ரிப்பேருக்குக்கூடக் கேட்பார். இந்த ஆயிரத்துக்கு மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. பதினைந்தாம் தேதி வந்தால் பக்கத்து வீட்டுப் பையனிடம் போனைக் கொடுத்து மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். என்ன செலவு செய்கிறார் என்று எனக்கே தெரியாது. தெரிய வேண்டாம்.

முதல் தடவை பணம் ஏறியபோது நானும் ஒரு மாதிரியாகத்தான் கேட்டேன், “இது நமக்குத் தேவையாம்மா?” அம்மா முறத்தை விட்டுத் தலைகூட நிமிரவில்லை. “உங்கப்பா முப்பது வருஷம் அந்தக் கடையில கொண்டுபோய்க் கட்டினாரே, அதுல ஆயிரம் ஆயிரமாத் திருப்பித் தர்றாங்க. வாங்கிக்கறேன்.”

அந்த முப்பது வருஷமும் அம்மா இரண்டு வீட்டுத் துணி துவைத்து, ராத்திரி தையல் மெஷினில் உட்கார்ந்துதான் என்னைப் படிக்க வைத்தார். அதில் ஒரு வீடு உங்களுடையது அண்ணே. உங்கள் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தது யார் என்று பெரியம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. எங்களுக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுவார்.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன், திரும்பச் சேர்க்க வேண்டாம். சின்னவள் கல்யாணத் தேதி முடிவானால் மட்டும் யாராவது தனியாகச் சொல்லுங்கள். அம்மா மொய் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.