ரௌட்டரை அணைத்துப் போடணுமாம், மறுபடியும்!

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டுக்கு ஃபைபர் இணையம் வந்து மூன்று வருடம் ஆகிறது. ராத்திரி எட்டு மணி ஆனால் போதும், அதற்குப் பேய் பிடித்துவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பேத்திக்கு வீடியோவில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். "ஆ" சொல்லும்போது உறைந்துபோனால், "ஈ" வரும்வரை என் திறந்த வாயைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டால் ஒரே மந்திரம்: "ரௌட்டரை அணைத்து, முப்பது விநாடி கழித்துப் போடுங்கள்." எத்தனை தடவை ஐயா!

சரி, கையில் ஆதாரத்தோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன். வைஃபை மேல் பழி வரக்கூடாது என்று முதலில் லேன் கேபிளைச் செருகினேன். வீட்டு ரௌட்டருக்கு, அதாவது 192.168.1.1க்கு, நூறு பிங் அனுப்பினேன். பிங் என்றால் "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதில் வாங்கி வரும் சின்னச் சோதனைச் செய்தி. நூறும் ஒரு மில்லிசெகண்டுக்குள் திரும்பின. வெளியே கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு அனுப்பினால் நூறில் 18 காணோம். அப்புறம் வின்எம்டிஆர். காசு கேட்காத சின்ன நிரல், போகிற வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை தொலைகிறது என்று காட்டும். நடுவில் ஒரு கட்டம் மட்டும் இழப்புக் காட்டி, கடைசி சுத்தமாக இருந்தால் பயமில்லை. அந்த ரௌட்டர் பிங்குக்குப் பதில் சொல்லச் சோம்பல்படுகிறது, அவ்வளவுதான். எனக்கோ இரண்டாவது கட்டத்தில் தொடங்கி கடைசிவரை ஒரே இழப்பு. கோளாறு என் வாசலைத் தாண்டி முதல் அடியிலேயே இருக்கிறது! 1983இல் மைக் மூஸ் எழுதிய பிங்குக்குத் தெரிவது, சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை.

படம் பிடித்து அனுப்பினேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள்" என்கிறார்கள். போட்டால் 49 எம்பி. "லைன் நன்றாகத்தானே இருக்கிறது?" ராத்திரி வரும் காய்ச்சலுக்குக் காலையில் தெர்மாமீட்டர் வைக்கிற வைத்தியம் இது. எட்டு மணிக்கு மட்டும் வருகிறதென்றால் எங்கோ நெரிசல் என்று எனக்கே தோன்றுகிறதே.

"கடலடிக் கேபிளில் பிரச்சினை" என்றார் இன்னொருவர். 2024 மே மாதம் சீகாம், ஈஸி என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் அறுந்து கிழக்கு ஆப்பிரிக்கா தடுமாறியது உண்மைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் அனுப்பும் தரவுப் பொட்டலம் இன்னும் கடலையே பார்க்கவில்லை!

இந்த நாட்டில் இன்னொரு கூத்து: தெருவில் கேபிள் போட்டது ஒரு கம்பெனி, மாதக் காசு வாங்குவது வேறொரு கம்பெனி. காசு வாங்குகிறவர்கள் "அது லைன்காரர் வேலை" என்கிறார்கள். லைன்காரரைக் கேட்டால், "உங்கள் கம்பெனி வழியாக வாருங்கள்." பந்து அங்குமிங்கும் பறக்கிறது. நடுவில் நிற்கும் வலை நான்.

நேற்று சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது: புகார் முடிக்கப்பட்டதாம். காரணம், "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை." அந்த நேரத்தில் நான் நாற்பது நிமிடமாக அவர்களுடைய போன் வரிசையில்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.