பெட் ஸ்கேனில் ஒளிரவில்லை என்றால் புற்று இல்லை என்று அர்த்தமா?

அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு சிடியில் நுரையீரலின் அடிப்பாகத்தில் 9 மில்லிமீட்டர் முடிச்சு தெரிந்தது, பெட் ஸ்கேனில் (ஊசியில் ஏற்றும் கதிரியக்கக் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடங்கள் ஒளிர்ந்து தெரியும் படம்) ஒளிரவில்லை, 'அதனால் புற்று கிடையாது, இனி பாளையங்கோட்டைக்கு அலைய வேண்டாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நெஞ்சு சிடி, மூச்சைப் பிடித்திருக்கும் சில விநாடிகளில் முடிந்துவிடும். பெட் அப்படியில்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓரிரு நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரம் யாரால் மூச்சை அடக்க முடியும்? நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசை மூச்சோடு ஏறி இறங்க, அதன் பக்கத்தில் இருக்கும் முடிச்சும் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கு மேலும் போய்வரும். அதாவது தன் அளவைவிட அதிக தூரம்! ஒளி அந்தப் பாதை முழுக்க இழுபட்டு மங்கிவிடும். ரிப்போர்ட்டில் வரும் எஸ்யூவி எண்ணும் (முடிச்சு எவ்வளவு குளுக்கோஸை இழுத்தது என்று காட்டும் அளவு) உண்மையைவிடக் குறைந்துபோகும். இதே முடிச்சு நுரையீரலின் உச்சியில் இருந்தால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

அப்புறம், மெதுவாக வளரும் சில புற்றுகள் குளுக்கோஸை அதிகம் இழுப்பதே இல்லை.

பயப்படச் சொல்லவில்லை. இந்த அளவு முடிச்சுகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவைதான். ஆனால் டாக்டர் சொன்ன தேதிக்கு மறு சிடி எடுத்தே ஆக வேண்டும். போகும்போது பழைய சிடியின் டிஸ்க்கையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். போன தடவை மாதிரியே மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்கட்டும். பாதி மூச்சில் எடுத்தால் இரண்டு படங்களின் அளவையும் சரியாக ஒப்பிட முடியாது.