வேம்பு கருகினால் யாரைக் கேட்பது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் எங்கள் தெரு முனை வேப்பமரம் கருகியது. யாரோ தீப்பந்தத்தைக் காட்டிவிட்டுப் போனதுபோல் நுனிக் கொழுந்துகள் பழுப்பேறிச் சுருண்டு தொங்கின. பத்து நாளில் பக்கத்துத் தெரு மரம், பிறகு பள்ளிக்கூடத்து மரம், பிறகு பைபாஸ் ஓரத்தில் வரிசையாக நின்றவை எல்லாம் கருகின. மாரியம்மன் கோயில் மரமும் சேர்ந்துகொண்டதும் ஊரில் பேச்சே வேறாகிவிட்டது. செல்போன் கோபுரம்தான் காரணம் என்றார் பால்காரர். அம்மனுக்கு ஏதோ குறை என்றார் என் பெரியம்மா. மரத்தடியில் கல்லுப்பு போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. எங்கள் தெருவில் மூன்று பேர் போட்டும்விட்டார்கள்.

நான் மூன்று அலுவலகங்களுக்குத் தொலைபேசினேன். முதல் இடத்தில், "வேம்பு பயிர்க் கணக்கில் வராது சார்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "மரம் காட்டுக்குள் இல்லையே" என்றார்கள். மூன்றாவது இடத்தில் மட்டும் உதவ முன்வந்தார்கள். விழுகிற நிலையில் இருந்தால் மனு கொடுக்கலாமாம், வெட்டித் தருவார்களாம்!

உண்மையில் இதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி இருக்கிறது. பெயரில்தான் கொசு, பிறப்பில் அது மூட்டைப்பூச்சிக்கு உறவு. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளைக் கேட்டால் வண்டி வண்டியாகத் திட்டுவார்கள். கொழுந்தில் ஊசிபோன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். அதன் எச்சிலே நஞ்சு என்பதால் குத்திய இடம் கருகும். வேம்பின் தளிரும் அதற்குப் பிடித்த தீனி. இதோடு போமாப்சிஸ் என்ற பூஞ்சையும் சேர்ந்துகொள்கிறது. 1990களில் வேம்பின் நுனிக்கருகல் நோய் வட இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்டது. 1997இல் மைசூரு ஆய்வாளர்கள் அந்தப் பூஞ்சையை வேம்பின் பெயரையே சேர்த்து 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்று பதிவு செய்தார்கள். அது விதை வழியாகவும் பரவும்.

கருகியது ஒரே கிளைதான். ஆனால் பூச்சி படித்தவரிடம் காட்டினால் கொசு என்பார், பூஞ்சை படித்தவரிடம் காட்டினால் பூஞ்சை என்பார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும். மரத்துக்கு வரும் துன்பம் பல்கலைக்கழகத் துறைகளைப் பார்த்தா வருகிறது? ஐரோப்பாவின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்ற நோயில் பட்டை துளைக்கும் வண்டு பூஞ்சையைச் சுமந்து போகும், பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்கும். அதற்கு 'டச்சு எல்ம் நோய்' என்று பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நோய் பிறந்தது நெதர்லாந்தில் அல்ல, ஆசியாவாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் 1920களில் பேயா ஸ்வார்ஸ், கிறிஸ்டினே பாய்ஸ்மன் போன்ற டச்சுப் பெண் விஞ்ஞானிகள்தான் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததற்கு வெகுமதியாக நோய் அவர்கள் நாட்டின் தலையிலேயே விடிந்தது.

நம் பக்கத்தில் இதைவிட நீண்ட கதை சந்தனத்துடையது.

1899இல் குடகில் மக்கார்த்தி என்ற அதிகாரி சில சந்தன மரங்கள் வித்தியாசமாக இருப்பதைக் கவனித்தார். இலைகள் சிறுத்து, விறைத்து, கிளையோடு நெருக்கமாக முள்போல் நிமிர்ந்து நின்றன. பூ இல்லை, காய் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் மரம் செத்தது. ஸ்பைக் நோய் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததோடு சரி, காரணம் தெரியவில்லை. தெரிந்த ஒரே வைத்தியம், நோய் கண்ட மரத்தை அகற்றுவது. 1903க்கும் 1916க்கும் இடையே குடகிலும் மைசூரிலும் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அகற்றினார்கள். சேலம் பக்கமும் நோய் வந்தது. மைசூர் அரசு 10,000 ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அது என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள். உண்ணிச்செடிதான் காரணம் என்றார்கள் சிலர். காட்டுத்தீ என்றார்கள் சிலர். சந்தனம் மற்ற மரங்களின் வேரில் உறிஞ்சி வாழ்வது, அதனால் துணைமரம் சரியில்லை என்றார்கள் இன்னும் சிலர். நம் செல்போன் கோபுரத்துக்கும் கல்லுப்புக்கும் நல்ல முன்னோர்கள் இருந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் லெஸ்லி கோல்மன் என்பவரைச் சொல்லாமல் நகர மனமில்லை. கனடாக்காரர். 1908இல் மைசூர் அரசில் வேலைக்கு வந்தார். அவருக்குக் கொடுத்த பதவி பூஞ்சையியலாளர், பூச்சியியலாளர் என்று இரண்டும் சேர்ந்தது! நோயுற்ற கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டினால் நல்ல மரத்துக்கும் ஸ்பைக் வருகிறது என்று 1917இல் காட்டியவர் அவர்தான். ஆக இது தொற்று, மண்ணின் குறை அல்ல என்பது உறுதியானது. 1920களிலும் 30களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு தொடர்ந்தது. வைரஸாக இருக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1967இல் ஜப்பானியர்கள் மல்பெரியில் ஒரு புதுவகை நுண்ணுயிரைக் கண்டார்கள். செல்சுவர் இல்லாதது, தட்டில் வைத்து வளர்க்க முடியாதது. இன்று அதற்கு பைட்டோபிளாஸ்மா என்று பெயர். 1969இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது சந்தனத்திலும் அதே வகைதான் இருந்தது. நம் தோட்டத்துக் கத்தரியில் சிற்றிலை நோய் வருகிறதே, அதற்கும் இந்த வகை நுண்ணுயிர்தான் காரணம். அதைத் தத்துப்பூச்சி செடி செடியாகக் கொண்டுபோகிறது.

1899இலிருந்து 1969 வரை எழுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, அதுவும் 'யார் குற்றவாளி' என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மரத்துக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். மரம் தற்காலிகமாகத் தளிர்க்கும், பிறகு நோய் திரும்பும். இன்றுவரை முழுதாகத் தீர்க்கும் மருந்து இல்லை.

என் ஆதங்கம் இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஆய்வுத் திட்டம் என்றால் பெரும்பாலும் மூன்று ஆண்டு. முதல் ஆண்டு ஆள் எடுத்து, கருவி வாங்கும் கோப்பு நகர்வதற்குள் போய்விடும். கடைசி ஆண்டு அறிக்கைக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் ஒரு பருவத்தில், அறுபது ஆண்டு வாழும் மரத்தில், ஆறு ஆண்டுக்கு ஒருமுறை பெருகும் பூச்சியைப் படிக்கச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்வான்? பூச்சி அந்த மூன்று ஆண்டில் வரவே இல்லை என்றால் முனைவர் பட்டம் என்ன ஆகும்? இந்தத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "நோய் வந்தால் பணம் வரும், பணம் வரும்போது நோய் போயிருக்கும்." அவர் சிரித்தது எனக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை.

நீடித்துப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி உண்டு. நிலம்பூர்த் தேக்குத் தோட்டங்களில் கோடை மழை பெய்து தளிர் விட்டதும் இலைதின்னிப் புழு படையெடுக்கும். அப்போது தோட்டத்துக்குள் நின்றால் புழுவின் எச்சம் விழும் சத்தம் தூறல்போல் கேட்குமாம். சில நாளில் மரம் மொட்டையாகும், பிறகு மறுபடி தளிர்க்கும். மரம் சாவதில்லை என்பதால் யாரும் கவலைப்பட்டதில்லை. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எஸ்.எஸ். நாயரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் இளம் தோட்டத்தை ஐந்து ஆண்டு விடாமல் அளந்தார்கள். புழுவிலிருந்து காக்கப்பட்ட மரங்கள் வளர்ந்த அளவோடு ஒப்பிட்டபோது, காக்கப்படாதவை வளர்ச்சியில் 44 சதவீதத்தை இழந்திருந்தன. ஏறக்குறைய பாதித் தேக்கு, ஒரு மரம்கூடச் சாகாமல், கணக்கில் எங்கும் வராமல் புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஐந்து ஆண்டு ஒருவர் அங்கேயே நின்று அளந்திருக்காவிட்டால் இன்றும் 'அதுதான் மறுபடி தளிர்த்துவிடுகிறதே' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம்.

நான் மரம் நடுவதற்கு எதிரி இல்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தில் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது இலக்கு. நல்ல விஷயம், நானும் எங்கள் ஏரிக்கரையில் குழி தோண்டியிருக்கிறேன். ஆனால் நட்டவற்றுக்கு என்ன நோய் வருகிறது என்று ஆண்டு தோறும் சுற்றிப் பார்க்கும் ஆள் எத்தனை பேர்? கோவையில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது. சவுக்கிலும் தைலமரத்திலும் வேலை தெரிந்தவர்கள் அங்கே உண்டு. ஒரு மாநிலத்துத் தெருக்களை எல்லாம் அவர்கள் தலையில் கட்ட முடியாது. மாவட்டத்துக்கு ஒருவர், அதுவும் கோல்மன்போல் பூச்சியும் பூஞ்சையும் இரண்டும் படித்தவர், பத்து இருபது ஆண்டு அதே மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு மேம்பாலத்தில் பாதித் தூண் செலவுகூட ஆகாது என்று நினைக்கிறேன்.

இதை இவ்வளவு வேகமாக எழுத இன்னொரு காரணமும் உண்டு. 2002இல் சட்டம் தளர்ந்த பிறகு சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம் என்றானது. என் மைத்துனர் அரூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு கிளையின் படம் அனுப்பினார். இலை சிறுத்திருக்கிறது. வறட்சியாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம். "மாமா, கத்தரிச் சிற்றிலைமாதிரி இருக்கே?" என்று கேட்டார். அவருக்கு ஸ்பைக் என்ற பெயரே தெரியாது, பார்த்ததை அப்படியே சொன்னார். படத்தை ஓர் ஆய்வாளருக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவேண்டும்.

பின்னூட்டத்தில் மருந்து கேட்க வேண்டாம், தெரு மரத்துக்கு விஷம் தெளிக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. உங்கள் தெரு வேம்பு எந்த வாரம் கருகத் தொடங்கியது, எப்போது தளிர்த்தது என்று மட்டும் எழுதுங்கள். எங்கள் முனை மரம் மார்கழி இரண்டாம் வாரம் கருகியது, பங்குனி நடுவில் தளிர்த்தது. பூ மிகக் குறைவு. அந்தச் சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் பெரியம்மா முந்தின ஆண்டு காயவைத்த வேப்பம்பூவைத்தான் எடுத்தார்.