திதி தெரியாத பெரியப்பா

ஆடி அமாவாசைக்கு அப்பா கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரக் கடற்கரைக்குப் போய் மூன்று பேருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவார். தன் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு, பிறகு பெரியப்பாவுக்கு. முதல் இரண்டு பேருக்கும் வீட்டில் திவசமும் உண்டு. பெரியப்பாவுக்குத் திதி தெரியாது. மலாயாவில் றப்பர் தோட்டத்துக் கிளாக்கராக இருந்தவரை, 1943இல் தோட்டத்து ஆட்களோடு சேர்த்து ஜப்பான்காரர் ரயில்பாதை போடச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

சயாம்–பர்மா ரயில்பாதை என்றதும் ஜப்பான்காரரிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். அவர்கள் பட்டதும் சின்னப் பாடில்லை. 415 கிலோமீற்றர் பாதைக்காகக் காட்டு முகாம்களில் அடைத்து வேலை வாங்கப்பட்ட 60,000க்கு மேற்பட்ட கைதிகளில் 12,000க்கு மேல் செத்துப்போனார்கள். ஆனால் அதே காட்டில் தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று இரண்டு லட்சம் பேரளவில் வேலை செய்தார்கள். அவர்களில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை. 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடுதான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. கைதிகளோடு பிடிபட்ட இராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைக் குடிக்க விடவில்லை, சாப்பிடும் தட்டைக்கூடக் கொதிநீரில் முக்கி எடுக்க வைத்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? தாகத்துக்கு ஆற்றிலே அள்ளிக் குடித்தார்கள். அந்த ஆற்றங்கரையிலேயே செத்தார்கள்.

கைதிகள் செத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் காவலர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தார்கள். 1945இல் போர் முடிந்த கையோடு ஒரு குழு போய் 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்றைக்குக் தாய்லாந்தில் காஞ்சனாபுரியில் உள்ள போர்க்கைதிகள் மயானத்துக் கற்களில் பெயரும் செத்த தேதியும் இருக்கின்றன. நம்முடைய ஆட்களைத் தேடி அப்படி ஒரு குழு போகவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அந்தப் பென்சனில் கட்டிய வீடுகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.

எங்களிடம் இருப்பது 1941இல் வந்த ஒரு கடிதம். 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கி, கிணற்றடி மாமரத்தை வெட்டவேண்டாம் என்று முடிகிறது. மடிப்பில் கிழிந்துவிட்டது. நேற்று அதைப் படம் எடுத்து, அவருடைய பெயர், ஊர், வேலை எல்லாம் அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்தேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பெரியவர்களிடம் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். என் அப்பாவுக்கு 81 ஆகிறது.