இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் பிடிப்பது பாதுகாப்பானதன்று

“நீண்ட மலை இறக்கத்தில் இரு பிரேக்குகளையும் தொடக்கம் முதல் இறுதிவரை இலேசாகப் பிடித்தபடி இறங்குவதே பாதுகாப்பு” என்று கூறப்படுவது, கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், சுமையேற்றிய மிதிவண்டிக்குப் பொருந்தாது. ஓட்டுநரும் வண்டியும் பைகளும் சேர்ந்து 100 கிலோ இருந்தால், 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 9.8 லட்சம் ஜூல். அது ஏறத்தாழ 3 லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்கவைக்கப் போதும். நேரான பாதையில் நிமிர்ந்து அமர்ந்து வண்டியை ஓடவிட்டால் அதில் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பே விழுங்கிவிடும். மிதமான வேகத்திலேயே பிடித்து வைத்தாலோ, காற்றின் பங்கு மிகவும் குறைந்து, ஏறக்குறைய முழு வெப்பமும் பிரேக்கில் இறங்குகிறது. (நடைவேகத்தில் ஊர்ந்தால் வெப்பம் மெதுவாகவே சேரும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி யாரும் 20 கிலோமீட்டர் இறங்குவதில்லை.)

சக்கர விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் அவ்விளிம்பு சூடேறி, டியூபின் காற்றழுத்தம் உயர்ந்து, டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடக்கூடும். திரவ அழுத்தத்தால் சக்கர நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் அத்திரவம் கொதித்தால் லீவர் பிடிப்பின்றி உள்ளே போய்விடும். ஆகவே வளைவுக்கு முன்பே இரு பிரேக்குகளையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுமையாக விடுவதே முறை. பாதை தொடர்ந்து செங்குத்தாகவும் வளைவுகள் நெருக்கமாகவும் இருந்து, வண்டியை ஓடவிட வழியே இல்லையெனில், இடையிடையே நின்று ஆறவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.